மறைந்திருத்தல் என்னும் உழைப்பு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜிகளின் தலைநகரான பெர்லினுக்குள்ளேயே மறைந்து வாழ்ந்து உயிர்தப்பிய யூத இளம்பெண்களைப் பற்றி இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். மறைந்து வாழ்தல் என்றதும் நமக்குத் தோன்றும் காட்சி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பிலிருந்து வருவது. ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்க் கரைக் கட்டடம் ஒன்றின் பின்பகுதியில், புத்தக அலமாரி மறைத்த வாசலுக்கு அப்பால், 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை அடைந்து கிடந்த எட்டுப் பேரை நாம் அந்த நூலின் வழியே அறிவோம். பகலில் காலடி ஓசை எழக்கூடாது, சன்னலருகே போகக்கூடாது, குரல் உயரக்கூடாது. அந்தக் காட்சி உண்மையானது; அதன் துயரமும் உண்மையானது. ஆனால் மறைவு வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் இருந்தது என்று எடுத்துக்கொண்டதால் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. மறைந்திருப்பவர் அசையாமல் இருப்பவர், அவரைக் காப்பவரே செயல்படுபவர் என்று எண்ணப் பழகிவிட்டோம். பெர்லினிலிருந்து கிடைக்கும் சான்றுகள் வேறொன்றைச் சொல்கின்றன. அங்கே மறைந்திருப்பது உழைப்பு. அன்றன்று செய்து முடித்து, மறுநாள் விடிந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய உழைப்பு. அதைச் செய்தவரின் பெயரிலேயே அதைக் கணக்கில் எழுத வேண்டும் என்பதுதான் என் வாதம்.

சொற்களிலிருந்து தொடங்கலாம். தமிழில் இதற்கு நெருக்கமாக இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று தலைமறைவு. அதைக் கேட்டதும் காவல்துறை தேடும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். செய்தது குற்றமோ புரட்சியோ, ஏதோ ஒன்றைச் செய்தவர். பெர்லின் பெண்கள் எதையும் செய்யவில்லை. அவர்கள் தேடப்பட்டது பிறப்புக்காக. இன்னொரு சொல் அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அந்தப் பெயர். அங்கே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கிறார். ஒப்படைப்பவருக்கு ஒரு வினை இருக்கிறது, ஏற்றுக்கொள்பவருக்கு ஒரு வினை இருக்கிறது. ஒப்படைக்கப்படுபவளுக்கு அந்தச் சொல்லுக்குள் செய்ய எதுவுமில்லை. பெர்லினில் மறைந்திருந்தவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் வேறு வகையானது. தாங்கள் மூழ்கிவிட்டதாகச் சொன்னார்கள். தங்களை நீர்மூழ்கிகள் என்று அழைத்துக்கொண்டார்கள். நீர்மூழ்கிக் கப்பல் அடியிலேயே கிடக்க முடியாது. காற்றுக்காக மேலே வரவேண்டும், இடம் மாறவேண்டும், மேலே வரும்போதெல்லாம் கண்ணில் படும் ஆபத்து உண்டு. அந்த வாழ்க்கையின் இயல்பை அதை வாழ்ந்தவர்களே ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள்.

அந்த நகரம் எப்படி மூடப்பட்டது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1933-இல் பெர்லினில் ஏறத்தாழ 1,60,000 யூதர்கள் இருந்தார்கள். 1939 ஜனவரி முதல், யூதப் பெயர் என்று அரசு பட்டியலிட்ட பெயர் இல்லாத யூதப் பெண்கள் சாரா என்ற பெயரையும் ஆண்கள் இஸ்ரேல் என்ற பெயரையும் தங்கள் பெயருடன் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றாயிற்று. 1941 செப்டம்பர் 19 முதல் ஆறு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் மஞ்சள் நட்சத்திரத்தை ஆடையில் தைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் 18ஆம் நாள் முதல் நாடுகடத்தல் ரயில் புறப்பட்டது. அதே மாதத்தில் யூதர்கள் வெளிநாடு போவதும் தடைசெய்யப்பட்டது. அப்போது நகரில் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 66,000 பேர். 1943 பிப்ரவரி 27-இல் தொழிற்சாலைகளை வளைத்து, கட்டாய உழைப்பில் இருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜூன் மாதம் பெர்லினில் இனி யூதர்களே இல்லை என்று நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் அறிவித்தார். அந்த நாளில் அதே தெருக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வேறு பெயரில் நடந்துகொண்டிருந்தார்கள். மொத்தம் 6,500 பேரளவில் மூழ்கியிருக்கலாம் என்றும், அவர்களில் 1,700 பேரளவில் போர் முடியும்வரை பிழைத்தார்கள் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். காரணம் விளங்கக்கூடியதே. போர்க்காலத் தெருவில் சீருடை இல்லாமல் நடக்கும் இளைஞனைப் படையிலிருந்து ஓடியவன் என்று நிறுத்திக் கேட்பார்கள். ஐயம் எழுந்தால் அவன் உடலிலேயே விருத்தசேதனம் என்ற அடையாளம் இருந்தது. பெண் ஒருத்தி கையில் பையுடன் நடந்தால் அவள் கடைக்குப் போகிறாள், வீட்டு வேலைக்குப் போகிறாள், குண்டுவீச்சில் வீடிழந்து உறவினர் வீட்டுக்குப் போகிறாள். ஆனால் அந்தத் தோற்றம் தானாக அமைவதில்லை. நடையிலும் பேச்சிலும் முகத்திலும் அதை நாள்முழுதும் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இனி மரீ யாலோவிச் என்ற பெண்ணிடம் வருகிறேன். 1922 ஏப்ரலில் பெர்லினில் பிறந்தவர், வழக்கறிஞர் ஒருவரின் ஒரே மகள். 1938-இல் தாய் இறந்தார். 1941 மார்ச்சில் தந்தையும் இறந்தார். சீமென்ஸ் ஆலையில் மற்ற யூதப் பெண்களோடு கட்டாய உழைப்பில் இருந்தார். யூதர் ஒருவர் அந்த வேலையிலிருந்து தானாக விலக முடியாது. ஆனால் மேற்பார்வையாளர் அவரை நீக்கலாம். தன்னை நீக்கும்படி மேலாளரிடமே பேசி இணங்க வைத்தார் மரீ. சில காலத்துக்குப் பின் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அவர் பெயருக்குக் கடிதம் வந்தது. கொண்டுவந்த தபால்காரரிடம், பக்கத்தில் குடியிருந்த அந்தப் பெண் கிழக்கே கொண்டுபோகப்பட்டுவிட்டாள் என்று அவரே சொன்னார். அப்படியே குறித்துக் கடிதம் திருப்பி அனுப்பப்பட்டது. அலுவலகப் பதிவிலிருந்து அவர் பெயர் மறைந்தது. 1942 ஜூன் 22 விடியற்காலையில் நாஜி இரகசியக் காவல்துறையான கெஸ்டபோ அவர் குடியிருந்த இடத்துக்கே வந்தது. எதுவும் விளங்காத பேதைப் பெண்ணைப் போலப் பேசி, கீழ்வீட்டில் சாப்பிட ஏதாவது வாங்கிவந்துவிடுகிறேன் என்று உள்பாவாடையோடு படியிறங்கினார். அந்தக் கோலத்தில் ஒருத்தி தெருவுக்குப் போகமாட்டாள் என்று அவர்கள் நம்ப வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கோலம். இறங்கியவர் திரும்பவில்லை. இந்த மூன்று செயல்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று சட்டத்தில் இருந்த ஓட்டையைக் கண்டறிவது. இரண்டாவது, அலுவலகத் தாள் எப்படிப் பயணம் செய்கிறது என்று தெரிந்திருப்பது. மூன்றாவது, தன்னைப் பிடிக்க வந்தவன் எதை நம்புவான் என்று சில நொடிகளில் கணிப்பது. இருபது வயதுப் பெண் ஒருத்தியின் அரசியல் அறிவு என்று இதைத்தான் நான் சொல்வேன்.

ஆனால் தப்பியோடுவது ஒரு காலைப் பொழுதின் வேலை. அதன்பின் ஏறத்தாழ மூன்றாண்டுகள் இருக்கின்றன. உணவை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ரொட்டி, கொழுப்பு, இறைச்சி எல்லாமே பங்கீட்டு அட்டைக்குத்தான். மூழ்கியவருக்கு அட்டை கிடையாது. ஆகவே அவர் உண்ணும் ஒவ்வொரு கவளமும் வேறொருவரின் பங்கிலிருந்து குறைவது. ஒருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தன் அரைவயிற்று உணவை எத்தனை வாரம் பகிர்வார்? அந்தப் பொறுமை எப்போது தீரும் என்பதை அவர் சொல்வதற்கு முன் உணர்ந்து, தானாகவே அடுத்த வாசலைத் தேடியிருக்க வேண்டும். இரவுக்குப் படுக்கை தந்த வீட்டில் பகலில் இருக்க முடியாது, அண்டை வீட்டார் கேட்பார்கள். எனவே பகல் முழுவதும் நகரில் நடக்க வேண்டும். குண்டு விழும்போது பதுங்குமிடத்தில் தெரிந்த முகங்களுக்கு நடுவே தெரியாத முகமாக உட்கார வேண்டும். மரீ குடும்ப நண்பரான ஒரு பெண்ணின் பெயரையும் தாள்களையும் வாங்கிக்கொண்டு வாழ்ந்தார். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு 1942-இல் பல்கேரியா வரை போய்ப் பார்த்து, வழி அடைபட்டதால் பெர்லினுக்கே திரும்பினார். பெர்லினில் மூழ்கி வாழ்ந்த இன்னொருவர், அதே 1922-இல் பிறந்த இங்கெ டாய்ச்குரோன். அவருக்கும் அவர் தாய்க்கும் உதவியவர்களின் எண்ணிக்கை இருபதைத் தாண்டும். பெரும்பாலும் பார்வையற்ற யூதர்களை வைத்துத் தூரிகைப் பட்டறை நடத்திய ஓட்டோ வைட், வேறொரு பெண்ணின் பெயரில் அவருக்குப் பணிப் புத்தகம் வாங்கித் தந்தார். தாயும் மகளும் மாறிய இடங்களில் போட்ஸ்டாமில் ஓர் ஆட்டுக் கொட்டகையும் உண்டு. போரின் கடைசி மாதங்களில் கிழக்கிலிருந்து ஓடிவந்த ஜெர்மானிய அகதிகளோடு கலந்து, தாங்களும் அகதிகள் என்று பதிந்து, புதிய பெயரில் உண்மையான தாள்களையே பெற்றார்கள். சரிபார்க்க வேண்டிய அலுவலகம் செம்படையின் பாதையில் இருக்கும்போது யாரிடம் கேட்டுச் சரிபார்ப்பது? அந்த வாய்ப்பை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இந்த உழைப்பின் விலையைப் பற்றிப் பேசாமல் இதை மேன்மைப்படுத்தினால் அது பொய்யாகிவிடும். மரீயின் வாழ்க்கை 'மூழ்கியவள்' என்ற பொருள்படும் தலைப்பில் 2014-இல் ஜெர்மனில் நூலாக வந்தது. அதில் மற்ற பல நினைவுக் குறிப்புகள் மூடிவைத்ததை அவர் திறந்து சொல்கிறார். படுக்கைக்கு ஈடாகப் பலமுறை அவர் உடல் கேட்கப்பட்டது. இடம் தேடித் தந்த ஒருத்தி பணம் வாங்கிக்கொண்டு அவரை ஒரு நாஜியின் வீட்டில் சேர்த்தாள். நோய் முற்றிய அந்த மனிதன் யூதர்களை மோப்பத்தாலேயே கண்டுகொள்வேன் என்று பெருமை பேசினான். அவன் முன்னே அவர் உட்கார்ந்திருந்தார். பிறகு நீண்ட காலம் க்ராய்ட்ஸ்பெர்க்கில், நாஜி ஆதரவாளரான ஒரு முதியவளின் வீட்டில், டச்சுத் தொழிலாளி ஒருவரின் துணைவியாக வாழ்ந்தார். அந்த மனிதர் சில வேளைகளில் அடித்தார். கண் வீங்கிய முகத்தோடு போனபோது, அந்தத் தொழிலாளர் குடியிருப்பின் மற்றப் பெண்களில் ஒருத்தியாகவே தான் தெரிந்ததையும் அவர் கவனித்துக்கொண்டார். இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஆனால் இரக்கப்படும் அவசரத்தில் ஒன்றைத் தவறவிடக்கூடாது. அடி வாங்கிய நேரத்திலும் அந்த அடியால் தன் தோற்றம் எப்படி மாறியிருக்கிறது என்று எடைபோட்டுக்கொண்டிருந்த அறிவு அது. அவரை வெறும் பலியாகக் காட்டினால் அந்த அறிவு மறைந்துவிடும். வீராங்கனையாகக் காட்டினால் அந்த வீங்கிய கண் மறைந்துவிடும். இளம்பெண் என்பதால் தெருவில் கிடைத்த பாதுகாப்புக்கு வீட்டுக்குள் அவர் விலை கொடுத்தார். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாத வரலாறு அவரைப் பற்றிய வரலாறு ஆகாது.

மறைந்திருப்பது கற்றுத் தேரவேண்டிய ஒரு திறன் என்பதற்கு மறுக்க முடியாத சான்று துன்புறுத்தியவர்களின் பக்கத்திலிருந்தே கிடைக்கிறது. மூழ்கியவர்களைப் பெர்லின் கெஸ்டபோவால் எளிதில் அடையாளம் காண முடியவில்லை. ஆகவே பிடிபட்ட யூதர்களில் சிலரை மிரட்டியும் ஆசைகாட்டியும் தேடுபவர்களாக ஆக்கியது. அவர்களில் மிகவும் அறியப்பட்டவர் ஸ்டெல்லா கோல்ட்ஷ்லாக். அவரும் 1922-இல் பிறந்தவர். அவரும் தாள்களை மாற்றிக்கொண்டு மூழ்கியிருந்தவர். 1943-இல் பிடிபட்டு வதைக்கப்பட்டார். பெற்றோரை ரயிலேற்றாமல் காப்பாற்றலாம் என்று தேடுபவரானார். பெற்றோர் 1944-இல் கொண்டுபோகப்பட்டுவிட்டார்கள். அவர் அந்த வேலையைத் தொடர்ந்தார். போருக்குப் பின் சோவியத் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது இன்றைய உரையின் நோக்கமன்று. எந்தச் சிற்றுண்டிக் கடையில் மூழ்கியவர்கள் உட்காருவார்கள், எந்த வேளையில் வெளியே வருவார்கள், உதவி எந்த வழியில் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு தொழிலை உள்ளிருந்து அறிந்தவரை மட்டுமே அந்தத் தொழிலாளர்களைப் பிடிக்கப் பயன்படுத்த முடியும். கெஸ்டபோவே ஒப்புக்கொண்ட அந்தத் திறனை நாம் மட்டும் ஏன் அமைதியான காத்திருப்பு என்று எழுத வேண்டும்?

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் இரண்டு கனமானவை. பிழைத்தவர்கள் பிழைத்தது தற்செயலால்தானே, அதைத் திறமை என்று சொல்லலாமா என்பது ஒன்று. திறமை என்று சொன்னால் மாண்டவர்களுக்கு அது இல்லை என்று ஆகிவிடாதா என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் என்னை அதிகம் தயங்க வைத்தது. தற்செயலை நான் மறுக்கவில்லை. ஒரு குண்டு எந்த வீட்டின்மேல் விழும் என்பது எந்தப் பெண்ணின் கையிலும் இல்லை. மூழ்கியவர்களில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவில்தான் கரையேறினார்கள் என்றால், மற்ற மூவரிடமும் அதே கூர்மை இருந்திருக்கும் என்றே கொள்ள வேண்டும். உழைப்பு இருந்தும் விளைச்சல் இல்லாமல் போவது உழைத்தவரின் குற்றமாகாது; விளையாமல் போனதால் அங்கே உழைப்பே நடக்கவில்லை என்றும் ஆகாது. என் வாதம் மாண்ட மூவரின் உழைப்பையும் கணக்கில் சேர்க்கிறது. தற்செயல் என்று மட்டும் சொல்லும் வாதத்தில் அவர்களும் பிழைத்தவரும் ஒருசேரச் செயலற்றவர்களாகிவிடுகிறார்கள். அதோடு, மூழ்குவதையே தேர்ந்துகொள்ள முடியாதவர்கள் எவ்வளவோ பேர். மரீ தனியாள், அவர் முடிவுக்காக வீட்டில் காத்திருக்கும் தாய் தந்தை இல்லை. அதே வயதுப் பெண்கள் பலர் தனியே ஓடியிருக்க முடியும் என்று தெரிந்தும், தள்ளாத பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறினார்கள். அவர்களுக்கு அறிவு குறைவு என்று எந்த நேர்மையுள்ளவரும் சொல்லமாட்டார்.

உதவியவர்களின் பெருமையை இது குறைக்காதா என்றும் கேட்கலாம். ஓட்டோ வைட் போன்றவர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். அவரை 1971-இல் இஸ்ரேலில் உள்ள இனப்படுகொலை நினைவு நிறுவனமான யாத் வாஷெம் நாடுகளிடையே நீதிமான் என்று கௌரவித்தது. மேற்கு பெர்லினும் 1958 முதல் இத்தகைய உதவியாளர்களைத் தேடிப் பாராட்டியது. இவை செய்யவேண்டியவை, காலம் தாழ்ந்து செய்யப்பட்டவை. ஆனால் யாத் வாஷெமின் நெறிப்படி, கைம்மாறு எதையும் நிபந்தனையாக வைக்காமல் உதவியவருக்கே அந்தச் சிறப்பு. விருதுக்கு அந்த நெறி சரியானது. வரலாற்றுக்கு அது போதாது. மரீக்குக் கூரை தந்தவர்களில் பலர் அந்த வரையறைக்கு வெளியே நிற்பவர்கள். நல்லவரோடு நன்றியும், பேராசைக்காரரோடு பேரமும், நாஜியோடு நடிப்பும், தனிமையில் வாடிய முதியவளோடு பேச்சுத்துணையும் என்று ஒவ்வொரு கூரைக்கும் அவர் ஒவ்வொரு வழி கண்டார். உதவியவர்களைத் தனித்தனியே பாராட்டும்போது அவர்கள் தனித்தனி விளக்குகளாகத் தெரிகிறார்கள். ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போன அந்தப் பெண்ணின் கால்கள்தான் அவர்களை ஒரு வரிசையாக்கின. வைட்டின் துணிவு வீணாகாமல் இருந்ததற்கு, டாய்ச்குரோன் அந்தப் பணிப் புத்தகத்தின் பெயராகவே நாள்தோறும் வாழ்ந்து காட்டியதும் ஒரு காரணம். இதைச் சொல்வதால் வைட்டின் உயரம் ஓர் அங்குலமும் குறையாது.

கடைசியாகச் சான்றைப் பற்றியே ஓர் ஐயம் வரலாம். மரீ போருக்குப் பின் பெர்லினிலேயே தங்கி, ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் பண்டைக்கால இலக்கியமும் பண்பாட்டு வரலாறும் கற்பித்த பேராசிரியரானார். தன் கதையைப் பல பத்தாண்டுகள் முழுமையாகச் சொல்லவில்லை. 1997 டிசம்பரில்தான் வரலாற்றாசிரியரான அவர் மகன் ஹெர்மன் சிமோன் ஒலிப்பதிவுக் கருவியை அவர் முன் வைத்தார். 77 ஒலிநாடாக்கள் நிரம்பின. 1998 செப்டம்பரில் மரீ காலமானார். ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சொன்ன நினைவை எப்படி நம்புவது என்பது நியாயமான கேள்வி. வாழ்நாளெல்லாம் பழைய சான்றுகளை ஐயத்தோடு படிக்கப் பயின்றவர் அவர். அந்தப் பயிற்சி அவர் பேச்சில் தெரிகிறது. எதை நேரில் கண்டார், எதைப் பிறர் சொல்லக் கேட்டார் என்று பிரித்துச் சொல்கிறார். அவர் இறந்த பிறகு மகன் அந்தப் பெயர்களையும் முகவரிகளையும் எடுத்துக்கொண்டு ஆவணக் காப்பகங்களிலும் பெர்லினின் பழைய முகவரிப் புத்தகங்களிலும் தேடினார். மூழ்கியிருந்த காலத்தில் எதையும் தாளில் எழுதிவைக்க முடியாது; எழுதினால் அது பிறரையும் காட்டிக்கொடுக்கும். ஆகவே எந்தத் தெரு, எந்த மாடி, யார் குடியிருந்தார் என்பதை அவர் தலைக்குள் வைத்திருந்தார். தேடியபோது அந்த மனிதர்கள் அந்தந்தத் தெருக்களில் இருந்தார்கள்: ரொட்டி கொடுத்தவர்களும், ரொட்டிக்கு விலை கேட்டவர்களும்.